பிளாஸ்மாவின் (அயனிகளும் எலக்ட்ரான்களும் பிரிந்து கிடக்கும் சூடான வாயு) வெப்பநிலையை ஆற்றல் அலகில் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்று சொன்னால், அது எத்தனை டிகிரி?

11.6 கோடி கெல்வின். போஸ்டருக்காக நீங்கள் கணக்குப் போட்டதில் வந்த 7.7 கோடி தப்பு.

சராசரி இயக்க ஆற்றல் என்று எடுத்துக்கொண்டு 3/2 கே.டி. (கே என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, டி என்பது வெப்பநிலை) சூத்திரத்தில் போட்டிருப்பீர்கள். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பிளாஸ்மா ஆட்கள் அந்த 3/2-ஐச் சேர்ப்பதில்லை, வெறும் கே.டி.யைத்தான் வெப்பநிலை என்று எழுதுவார்கள். 1 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு சுமார் 11,604 கெல்வின், அவ்வளவுதான்.

சரிபார்க்க, பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலைக்குச் சொல்லும் 15 கோடி டிகிரியை 11,604-ஆல் வகுத்துப் பாருங்கள். 13 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கம் வரும். செல்சியஸா கெல்வினா என்ற கவலை வேண்டாம். கோடிக்கு முன்னால் 273 எந்த மூலைக்கு?

அப்புறம், கோட்டூர்புரம் கண்காட்சிக்கான போஸ்டரில் அது அயனிகளின் வெப்பநிலையா, எலக்ட்ரான்களுடையதா என்றும் போட்டுவிடுங்கள். ஒரே பிளாஸ்மாவில் இரண்டும் வேறுவேறாக இருக்கலாம்.