‘கணித்தார்’ என்பதற்கு மாற்றுச் சொற்கள்

உங்கள் கதையில் குடுகுடுப்பைக்காரர், சாமியாடி, வானிலை அதிகாரி மூவருமே ‘கணித்தார்’ என்று வருகிறது, மாற்றுச் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே சொல்லை மூன்று இடத்திலும் மாற்றிப் போட்டால் சரியாகாது, ஏனென்றால் தமிழில் யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே சொல் மாறும். குடுகுடுப்பைக்காரர் குறி சொல்வார், சாமியாடி அருள்வாக்கு சொல்வார், வானிலை மையம் முன்னறிவிப்பு வெளியிடும் (கதை இலங்கையில் நடந்தால் எதிர்வுகூறல் என்று எழுதுங்கள், அங்கே அதுதான் வழக்கு). கணிப்பை ஜாதகம் பார்ப்பவருக்கும் தேர்தல் முடிவு பேசுபவருக்கும் விட்டுவிடுங்கள். தீர்க்கதரிசனம் கிறிஸ்தவ வாசகர்களுக்கு உடனே பைபிளை நினைவூட்டும், சாமியாடிக்கு ஒட்டாது.

அப்புறம், உங்கள் கதையில் வரும் அந்தப் பழங்காலக் கனவுப் பகுதிக்கு எனக்கு மிகவும் பிடித்த சொல் விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் பிறர் சொல்லை வரப்போவதற்கு அறிகுறியாக எடுத்துக்கொள்வது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி வணங்கி, நல்ல சொல் காதில் விழக் காத்து நிற்பார்கள். தாயைப் பிரிந்து தவிக்கும் கன்றிடம் ஓர் ஆயர்மகள், உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்கிறாள், அதையே போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்பதற்கு நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் கதையில் பாட்டி காத்திருக்கும் காட்சிக்கு இது அப்படியே பொருந்தும், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.