பீரோவுக்குள் பறை

அன்புள்ள ஐயா,

தாம்பரம் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போகிறேன். அங்கே எங்கள் அறக்கட்டளை பறை வகுப்பு தொடங்குகிறது. பிள்ளைகள் 20 பேர், பறை 7. நன்கொடை தருபவர் ஒருவர், “சாவு மேளம் எதற்கு, கீபோர்டு வாங்கித் தருகிறேன்” என்கிறார். எட்டு வாரத்தில் ஆண்டு விழா. அதற்குள் மேடையேற்ற முடியுமா? கருவிகளைப் பத்திரமாக அலுவலக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்.

எம்.

அன்புள்ள எம்.,

கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. இந்த பீரோ விவகாரம் கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நன்கொடையாளர். பறையைச் சாவு வீட்டில் நிறுத்தி, அடித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது யார் என்று அவரிடமே கேளுங்கள். பணத்தை வாங்கிக்கொள்ளலாம், பாடத்தை அவர் சொல்லக் கூடாது. இன்ன பிள்ளைக்கு இன்ன கருவி என்று யாரும் பிரிக்கவும் விடாதீர்கள். 20 பேரும் பறை எடுக்கட்டும்.

ஆண்டு விழாவை மறந்துவிடுங்கள்.

இனி பீரோ. உங்களுடையது மாட்டுத்தோலா ஃபைபரா என்று எழுதவில்லை. ஃபைபர் என்றால் தீப்பக்கமே கொண்டுபோகாதீர்கள், போல்ட்டை முடுக்கினால் போதும். தோல் என்றால், காற்றில்லாத பீரோவில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், பூஞ்சையும் பூக்கும். சனிக்கிழமை வெளியே எடுத்தால் ‘தொப்’ என்று சத்தம் வரும். தொய்ந்த தோல் இறுக அதைத் தீயில் காட்டிக் காய்ச்சுவதிலேயே பாதி வகுப்பு போய்விடும். பிள்ளையோ ஆறு நாளாகக் கருவியைத் தொட்டிருக்காது. போன வாரம் கைக்கு வந்த அடி மறந்திருக்கும். இதற்குப் பெயர் பத்திரமா?

சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரம், காற்று வரும் இடம். நேர் வெயிலும் ஈரம் ஊறும் சுவரும் ஆகாது. வாரம் இரண்டு பிள்ளைகள் பொறுப்பு: துடைப்பது, குச்சியை எண்ணுவது, தட்டிப் பார்ப்பது. தோல் கிழிந்தால் கிழியட்டும். கீபோர்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் புதுத் தோல் கட்டலாம்.

காய்ச்சுவதையும் அவர்களுக்குக் காட்டுங்கள். காய்ந்த வைக்கோல் அல்லது ஓலை, சின்னத் தீ, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். ஒரு சாண் உயரத்துக்கு மேலே தோலைத் தீக்குக் காட்டிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே பொசுங்கி விறைக்கும், அடிக்கும்போது அதே இடத்தில் கீறும். நடுநடுவே தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று எழும்பியதும் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் காய்ச்சுவது பேராசை. அவசரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. சின்னப் பிள்ளைகள் தள்ளி நின்று காதால் கேட்டுக் கற்கட்டும், கருவியைப் பெரியவர் பிடிக்கட்டும்.

20 பேருக்கு 7 தாராளம். ஆனால் குச்சி ஆளுக்கொரு ஜோடி வேண்டும்: வலது கைக்குக் குட்டையான தடித்த அடிக்குச்சி, இடது கைக்கு நீண்ட மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. சிண்டு சீக்கிரம் பிளந்துவிடும், கூடுதலாகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்புகளில் பறையே வேண்டாம். அடியை வாயால் சொல்லி, கைதட்டி, காலால் மிதிக்கட்டும். பிறகு பழைய டயரில் குச்சி பிடித்துப் பழகட்டும். அதற்கப்புறம் 7 பேர் அடிக்க, 13 பேர் அடவு போட, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும்.

தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கோளாறு வரும்: பறை நழுவிவிடுமோ என்று இடது கை விரல்களைத் தோலின் மேல் அழுத்தும், சத்தம் அடைத்துப்போகும். திட்டாதீர்கள். தோள் வாரின் நீளத்தைச் சரிசெய்தால் கருவி தோளில் தொங்கும், விரல் தானாக விளிம்புக்கு நகரும். இன்னொன்று, வேகம் ஏறிக்கொண்டே போகும். நிறுத்திவிட்டு, அடியைக் கிசுகிசுப்பாகச் சொல்ல வையுங்கள், இறங்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வகுப்பு வைக்காதீர்கள், காது போய்விடும். மரத்தடி போதும்.

படம் எடுத்து முகநூலில் போடும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நன்கொடையாளருக்கு ஏதாவது அனுப்பியே ஆக வேண்டுமென்றால், சுவரில் தொங்கும் ஏழு பறையைப் படமெடுத்து அனுப்புங்கள்.