இணைய நிறுவனம் மாறினால் பழைய மின்னஞ்சல் முகவரி என்னவாகும்?

வணக்கம். இணைய நிறுவனத்தை மாற்றினால், பழைய நிறுவனம் இணைப்போடு கொடுத்த மின்னஞ்சல் முகவரி என்னவாகும் என்று கேட்டு, பழைய இணைப்பை இன்னும் ரத்து செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது, கொஞ்சம் பொறுங்கள். முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது அந்த நிறுவனத்தின் பெயர். அதனால் கைபேசி எண்ணைப் போல அதைப் புது நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. இணைப்பை விட்ட பிறகும் அஞ்சல்பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, கட்டணம் உண்டா என்று அவர்களிடமே கேளுங்கள்.

எப்படியானாலும் ஜிமெயில் போல எந்த இணைப்பையும் சாராத முகவரி ஒன்றை இப்போதே தொடங்கிவிடுங்கள். முதலில் வங்கியில் மாற்றுங்கள்; கடவுச்சொல் மீட்பு அஞ்சல் பழைய பெட்டிக்குப் போனால் பெரும் சிக்கல். அப்புறம், உங்கள் 12 வருட அஞ்சல்களும் கணினியில் அஞ்சல் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் தெரிகின்றன என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அஞ்சல்களை நிறுவனத்தின் கணினியிலேயே (சர்வர்) வைத்துக் காட்டும் ஐமேப் முறையில் அவை அந்தச் சர்வரோடு கட்டுண்டவை. கணக்கை மூடினால் அவை அழிந்துபோகலாம். தண்டர்பேர்டில் உங்கள் கணினியிலேயே சேமிக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகு ரத்து செய்யுங்கள்.