பழைய சாகச நாவல்களிலும் கோதிக் திகில் மர்மங்களிலும் அப்படி என்ன ஈர்ப்பு? எதில் தொடங்கலாம்?

என் பதில் ஒரே சொல்: கணக்கு.

எத்தனை பேர் மிச்சம், எத்தனை நாள் அவகாசம், எவ்வளவு தூரம், எந்தத் திசை. சாகச நாவல் இந்தக் கணக்கை வாசகர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறது. பாழடைந்த கோட்டை, பேய், சாபம் என்று போகும் கோதிக் கதை அதே கணக்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. துப்பறியும் மர்மம் பிடுங்கியதைக் கடைசியில் வட்டியோடு திருப்பித் தருகிறது. புதையலும் பேயும் இதன்மேல் போர்த்திய துணிதான். இதை விளக்கச் சில முடிவுகளைச் சொல்லியே ஆக வேண்டும். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நேரே கடைசி மூன்று பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

ஸ்டீவன்சனின் 'டிரஷர் ஐலண்ட்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமாரில் அவர் முதலில் வரைந்தது தீவின் வரைபடத்தை. கதை அதிலிருந்துதான் முளைத்தது. படத்தில் சிவப்பு மையில் மூன்று சிலுவைக் குறிகள், பின்பக்கம் உயரமான ஒரு மரம், திசைக் குறிப்பு, 'பத்து அடி' என்று ஓர் அளவு. பதினோராவது அத்தியாயத்தில் சிறுவன் ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்தபடி கப்பலில் இருக்கும் கொள்ளையர்களின் சதியைக் கேட்டுவிடுகிறான். ('பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒளிந்து கேட்ட இரவு நினைவுக்கு வரும்.) அடுத்த அத்தியாயம் முடிவதற்குள் கணக்கு வந்துவிடுகிறது: கப்பலில் 26 பேர், நம்பத்தக்கவர்கள் ஏழு பேர், அதில் ஒருவன் சிறுவன். ஆக, ஆறு பெரியவர்கள் பத்தொன்பது பேரை எதிர்க்க வேண்டும். கோட்டையில் சண்டை முடிந்ததும் காயம்பட்டுக் கிடக்கும் கேப்டன் போடுவதும் தலைக்கணக்குதான். நாலுக்கு ஒன்பது என்று தெரிந்ததும், தொடங்கியபோது இருந்ததைவிட இது தேவலை என்கிறார். அந்த ஒரு வரியில் கிடைக்கும் தெம்பைப் பத்துப் பக்க வாள்சண்டை தராது.

அதே நாவலின் 32ஆம் அத்தியாயத்தில் ஒரு கோதிக் காட்சி ஒளிந்திருக்கிறது. புதையலை நெருங்கும்போது அதைப் புதைத்துவிட்டுச் செத்துப்போன கொள்ளைத் தலைவன் ஃப்ளின்ட்டின் பாட்டு மரங்களுக்கிடையே கேட்கிறது. கொள்ளையர்கள் வெளிறிப்போகிறார்கள். அவர்களின் தலைவன் சில்வருக்கும் நடுக்கம்தான், ஆனாலும் யோசிக்கிறான்: அந்தக் குரலுக்கு எதிரொலி இருந்தது, ஆவிக்கு நிழல் கிடையாது என்றால் எதிரொலி மட்டும் எப்படி இருக்கும்? பயந்த கூட்டம் மறுபடி நடக்கத் தொடங்குகிறது. பயம் எப்படிப் பிறக்கிறது, எப்படி அடங்குகிறது என்பதற்கு இந்த மூன்று பக்கமே போதும்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரைடர் ஹாக்கார்டின் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' (1885) சாட்சி. முதல் பதிப்பில் நாயகர்கள் சூரிய கிரகணத்தைக் காட்டித் தப்பிப்பார்கள். பூரணச் சூரிய கிரகணத்தின் முழு இருட்டு எட்டு நிமிடம்கூட நீடிக்காது. கதைக்கு வேண்டிய இருட்டோ அதைவிட நீளம். பிந்தைய பதிப்புகளில் அதைச் சந்திர கிரகணமாக மாற்றிவிட்டார். சாகச நாவலில் நடக்க முடியாத வீரத்தை வாசகர் மன்னிப்பார். பஞ்சாங்கப் பிழையை மன்னிக்கமாட்டார்.

இனி கோதிக். ஹோரஸ் வால்போலின் 'காசில் ஆஃப் ஒட்ரான்டோ' 1764 டிசம்பரில் வந்தது, 1529இல் அச்சான ஓர் இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்ற பொய் முன்னுரையோடு. இரண்டாம் பதிப்பில்தான் அவர் உண்மையை ஒப்புக்கொண்டு 'கோதிக் கதை' என்று துணைத்தலைப்பு போட்டார். கல்யாண நாளன்று வானத்திலிருந்து ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாவதுதான் தொடக்கம். வரலாற்றுக்காகப் படிக்கலாம். பயப்படுவதற்கு உதவாது, ஏனென்றால் எல்லாம் முதல் பக்கத்திலேயே கண்முன் விழுந்துவிடுகிறது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஆன் ராட்கிளிஃப். திகில் வேறு, கோரம் வேறு என்று பிரித்தவர் அவர் (அந்தக் கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1826இல் வெளியானது). தெளிவில்லாமல் தெரிவது மனதை விரித்து விழிக்கவைக்கும். பச்சையாகக் கண்டது மனதைச் சுருக்கி உறையவைக்கும். ஆனால் அவரே சறுக்கிய இடமும் உண்டு. 'மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' (1794) நாவலில் எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பது நான்கு பாகங்களில் கடைசிப் பாகத்தின் முடிவருகேதான் தெரியும்: ஒரு மெழுகுப் பொம்மை. அத்தனை நூறு பக்கம் வட்டி ஏறிய கடனுக்கு இந்தப் பதில் காணாது. ஒளித்துவைப்பது எளிது. ஒளித்த காலத்துக்கு ஈடான விடையைத் தருவதுதான் கடினம்.

இரண்டையும் ஒரே அட்டைக்குள் கட்டிய நூல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). தொடக்கத்தில், வேலை விஷயமாக டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகும் ஜோனதன் ஹார்க்கர் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதுகிறான்: மே 1 இரவு 8.35க்கு மியூனிக்கில் கிளம்பினேன், வியன்னாவுக்கு 6.46க்கு வந்திருக்க வேண்டும், ரயில் ஒரு மணி நேரம் தாமதம். கோட்டைக்குள் போனதும் அந்தக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக உரியப்படுகிறது. 'வேலை முடிந்துவிட்டது, ஊர் திரும்புகிறேன்' என்கிற ரீதியில் மூன்று கடிதங்களை முன்தேதியிட்டு எழுதித் தரச் சொல்கிறான் பிரபு: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தன் ஆயுள் எவ்வளவு என்று ஹார்க்கருக்கு அப்போது புரிகிறது. ரத்தம் ஒரு துளி இல்லை, பல்லும் இல்லை, மூன்று தேதிகள் மட்டுமே. சில நாளில் அவனுடைய ரயில் குறிப்புகளும் காகிதங்களும் காணாமல் போகின்றன. அதே பிரபு சோபாவில் சாய்ந்து இங்கிலாந்து ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். கணக்கு கை மாறிவிட்டது.

பிற்பாதி அதை மீட்கும் கதை. ஹார்க்கரின் மனைவி மீனா எல்லா நாட்குறிப்புகளையும் தந்திகளையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். பிரபு தான் படுத்துக்கொள்வதற்காக லண்டனுக்குக் கொண்டுவந்த மண்பெட்டிகள் 50. பாழடைந்த தேவாலயத்தில் 29, மைல் எண்டில் 6, பெர்மான்சியில் 6, பிக்கடில்லியில் 9. தேடிப்போன இடத்தில் ஒன்பதுக்குப் பதில் எட்டு. அந்த ஒரு பெட்டிதான் மீதி நாவல் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது. மீனாவின் தோழி லூசிக்கு நான்கு ஆண்கள் அடுத்தடுத்து ரத்தம் கொடுக்கும் நடுப்பகுதி கொஞ்சம் தொய்வுதான். யாருடைய ரத்தம் சேரும் என்று ஒருவரும் கேட்பதில்லையே என்று தோன்றினால், ரத்தப் பிரிவுகள் பற்றிய கண்டுபிடிப்பு நாவல் வந்த பிறகுதான் நடந்தது.

மர்மம் இதோடு சேர்ந்தால் கிடைப்பது கானன் டாயிலின் 'ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்', 1901 ஆகஸ்டிலிருந்து 1902 ஏப்ரல்வரை தொடராக வந்தது. 1742 தேதியிட்ட ஒரு சாபக் கதை, டார்ட்மூர் சதுப்புநிலம், இரவில் அழும் பெண்குரல் என்று எல்லாம் கோதிக் சரக்கு. ஆனால் லண்டன் ஹோட்டலிலேயே திறவுகோல் வைக்கப்பட்டுவிடுகிறது. வாரிசு சர் ஹென்றியின் புது பூட்ஸில் ஒன்று திருடுபோகிறது, அடுத்து பழைய பூட்ஸில் ஒன்று போகிறது, பிறகு புதியது மட்டும் திரும்பி வருகிறது. பேய்நாய்க்குப் பூட்ஸ் எதற்கு? புதிதில் ஆள்வாடை ஏறியிருக்காது, பழையதில் ஏறியிருக்கும். அப்படியென்றால் மோப்பம் பிடிக்கிற நிஜ நாய். இவ்வளவு தெரிந்தும் நடுவில் நமக்கு நடுக்கம் வருகிறது என்றால், ஹோம்ஸை டாயில் ஆறாம் அத்தியாயத்திலிருந்து பதினொன்றின் கடைசி வரிகள்வரை கதையின் கண்ணிலிருந்தே எடுத்துவிட்டதால்தான். கணக்குப் போடத் தெரிந்தவர் இல்லாத வீட்டில் வாட்சனோடு நாமும் தனியாக இருக்கிறோம்.

புதிதாகப் படிப்பவருக்கு என் வரிசை: முதலில் பாஸ்கர்வில்ஸ், 15 அத்தியாயம்தான், மூன்று நாலு இரவில் முடியும். பிறகு டிரஷர் ஐலண்ட், 34 சின்ன அத்தியாயங்கள். மூன்றாவதாக டிராகுலா, முதல் நான்கு அத்தியாயங்களை ஒரே இருப்பில் படியுங்கள், பிரித்தால் கோட்டை உடைந்துவிடும். ஏழாம் அத்தியாயத்தில் வரும் கப்பல் நாட்குறிப்பை இரவில் தனியாகப் படித்துப் பாருங்கள். ஒட்ரான்டோவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆங்கில மூலம் எல்லாமே ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம்.

சினிமாவில் கண்டதை மறந்துவிட்டுப் போவது முக்கியம். நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நிற்பான். வெயில் அவனைக் கொல்லாது, சக்தியைத்தான் குறைக்கும். 

சுருக்கப் பதிப்புகளில் கவனம் தேவை. சம்பவத்தை வைத்துக்கொண்டு தேதியையும் எண்ணிக்கையையும் வெட்டிவிடுவார்கள். அப்புறம் எதற்காகப் பயப்படுகிறோம் என்றே தெரியாது. கடையில் டிராகுலா மொழிபெயர்ப்பை எடுத்தால் முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். 'மே 3, பிஸ்ட்ரிட்ஸ்' என்று நாட்குறிப்பாகத் தொடங்கினால் வாங்கலாம், 'முன்னொரு காலத்தில் ஒரு கோட்டை' என்று தொடங்கினால் வைத்துவிடுங்கள். டிரஷர் ஐலண்டில் வரைபடம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் உள்ளே ஒரு துண்டுக் காகிதம் செருகி வைத்து, டிராகுலாவின் 19ஆம் அத்தியாயம் முதல் ஒவ்வொரு பெட்டியையும் ஐம்பதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்.