பாஸ்டரும் ஓபரினும் முரண்படுகிறார்களா?

கேள்வி: உயிரியல் நுழைவுத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். உயிரிலிருந்தே உயிர் தோன்றும் என்று லூயி பாஸ்டர் மெய்ப்பித்ததாக ஒரு பக்கத்தில் இருக்கிறது. உயிரற்ற பொருள்களிலிருந்தே முதல் உயிர் தோன்றியது என்று ஓபரின் கூறியதாக அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எதைச் சரியென்று கொள்வது?

பதில்: இரண்டையுமே கொள்ளலாம்; அவர்கள் விடை தேடிய கேள்விகள் வேறு வேறு. பாஸ்டரின் அன்னக்கழுத்துக் குடுவையில், அதாவது நீண்டு வளைந்த கழுத்துள்ள குடுவையில், கொதிக்கவைத்த சாற்றுக்குள் காற்று போகலாம், ஆனால் தூசியும் நுண்ணுயிரிகளும் வளைவிலேயே தங்கிவிடும். சாறு கெடாமல் இருந்தது. கழுத்தை உடைத்ததும் கெட்டது. இன்றைய நுண்ணுயிரிகள் தாமாகத் தோன்றுவதில்லை என்பதையே பாஸ்டர் இதன்மூலம் நிறுவினார். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பூமியைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.

ரஷ்ய அறிவியலாளர் ஓபரின் 1924இலும் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஹால்டேன் 1929இலும் பேசியது அந்தப் பழைய பூமியைப் பற்றித்தான். தனி ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாத அந்தக் காலத்தில், மின்னலும் புற ஊதாக் கதிர்களும் தந்த ஆற்றலால் உருவான கரிமச் சேர்மங்கள் சிதையாமல் கடலில் சேர்ந்திருக்க முடியும். இன்று அப்படி ஒன்று உருவானாலும் ஆக்சிஜன் அதைச் சிதைக்கும், மிஞ்சியதை நுண்ணுயிரிகள் உண்டுவிடும். இந்த இரண்டாவது காரணத்தை டார்வின் 1871இலேயே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், ஸ்டான்லி மில்லர் தம் ஆசிரியர் யூரேயின் வழிகாட்டுதலில் செய்து 1953இல் வெளியிட்ட சோதனையை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் கலவையில் அவர் மின்பொறியைச் செலுத்தினார். அதில் ஆக்சிஜன் ஏன் இல்லை என்ற கேள்விக்கு மேலே சொன்னதே விடை. கிடைத்தவை கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள். செல்லும் அல்ல, புரதமும் அல்ல. 'மில்லர் உயிரை உருவாக்கினார்' என்னும் பொருளில் ஒரு தெரிவு வந்தால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

தொடக்க வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுந்திருந்தன என்று இன்று பல அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். ஆயினும் மில்லர் எந்த வாயுக்களைப் பயன்படுத்தினார் என்று கேட்டால், அவர் பயன்படுத்தியவற்றையே குறியுங்கள். மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்என்ஏ முதலில் தோன்றியிருக்கலாம் என்ற கருதுகோளுக்கு, அதுவே நொதியாகவும் செயல்படும் என்று கண்டறிந்து 1989இல் நோபல் பரிசு பெற்ற செக், ஆல்ட்மன் இருவரின் ஆய்வையும் சேர்த்துப் படியுங்கள்.