அம்பருக்குள் தண்ணீர்ப் பூச்சி போகுமா?

முள்ளியவளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஜேர்மனியில் இருக்கும் அண்ணா ஒரு அம்பர் பதக்கம் அனுப்பினார். பர்மா அம்பராம். உள்ளே தெரியும் புள்ளி பத்துக் கோடி வருடத்துக்கு முந்திய தண்ணீர்ப் பூச்சி என்று கடையில் சொன்னார்களாம். மரத்தில் வடியும் பிசினுக்குள் தண்ணீரில் வாழ்வது எப்படிப் போகும்? அண்ணாவை ஏமாற்றிவிட்டார்களா?"

போகும் சகோதரி. வேப்பம் பிசின் தண்ணீரில் ஊறிக் கரைந்துவிடும், ஆனால் அம்பராக மாறுவது குங்கிலியம் மாதிரியான பிசின், அது தண்ணீரில் கரையாது. புளோரிடாவின் சதுப்புக் காட்டில் பைன் மரப் பட்டையை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள் (ஆய்வு 2007இல் வந்தது): வழிந்து தண்ணீருக்குள் இறங்கிய பிசின் அங்கேயும் ஒட்டும் தன்மையோடு இருந்து, நீந்தித் திரிந்த வண்டுகளையும் இறால் இனத்துச் சிற்றுயிர்களையும் பிடித்து வைத்துக்கொண்டது.

கடையில் சொன்னது அனேகமாக ஒஸ்ட்ரகோட். நண்டு, இறாலின் உறவுதான், ஆனால் இரண்டு ஓட்டுக்குள் உடம்பை மூடிக்கொண்டு குட்டி மட்டி மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குள். பாறைகளில் இதன் வெறும் ஓடுதான் வழக்கமாகக் கிடைக்கும். 2020இல் வெளியான ஆய்வில், மியன்மாரின் கச்சின் பகுதி அம்பர் துண்டு ஒன்றுக்குள்ளேயே 39 ஒஸ்ட்ரகோட்கள், அதில் ஒரு பெண்ணின் உடம்புக்குள் அதன் உடல் நீளத்தில் மூன்றிலொரு பங்கு நீளமான விந்தணுக்கள் அப்படியே இருந்தன! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, உங்கள் பதக்கம். உலோகத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் ஆனையிறவு உப்பை இனிக் கரையாது என்னும்வரை போட்டுக் கலக்கி அதில் விடுங்கள். கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் தாழும், அம்பர் மிதக்கும். மிதந்துவிட்டது என்று உடனே நம்பிவிடவும் வேண்டாம், வயது குறைந்த கோபல் பிசினும் மிதக்கும், சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். நகப்பூச்சு அகற்றும் அசிற்றோன் ஒரு சொட்டை ஓரத்தில், அந்தப் புள்ளியிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தால் கோபல் பிசுபிசுக்கும். சுடு ஊசி குத்துவது மட்டும் வேண்டாம், தழும்பு போகாது.

கல் நல்லது என்றாலும் உள்ளே இருப்பது காற்றுக் குமிழியாக இருக்கலாம், என் சந்தேகம் அதில்தான். நகைக்கடையில் பத்து மடங்கு லென்ஸ் இருக்கும், கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குமிழி எந்தப் பக்கமும் உருண்டையாக, விளிம்பு கறுத்துத் தெரியும். ஒஸ்ட்ரகோட் அவரை விதை வடிவில், இரண்டு ஓடும் சேரும் கோட்டோடு இருக்கும்.

அதற்கு முதல் வயல் வரம்போரத் தண்ணீரில் ஒரு போத்தல் அள்ளி, தெளியவிட்டு, அதே லென்ஸால் அடியைப் பாருங்கள். உயிரோடு ஓடித் திரியும் ஒஸ்ட்ரகோட்கள் அனேகமாக அதிலேயே இருக்கும், ஒரு தடவை கண்டுவிட்டால் பதக்கத்தில் இருப்பதை அடையாளம் காண என் உதவி தேவைப்படாது.