சிங்கப்பூர் கம்பெனிக்குப் பங்கு விற்பனை: அனுமதிக்கு முன்பே நிர்வாகத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் எங்கள் குடும்ப நிறுவனத்தின் 60% பங்குகளைச் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு விற்க ஒப்பந்தம் போட்டோம். அந்தக் கம்பெனியில் பாதிப் பங்கு ஹாங்காங் முதலீட்டாளருடையது என்று இப்போது தெரிகிறது. அரசு அனுமதி வேண்டும் என்கிறார் ஆடிட்டர். வாங்குபவரோ முன்பணம் தருகிறேன், நிர்வாகத்தை இப்போதே ஒப்படையுங்கள் என்கிறார். செய்யலாமா? - வாசகர், கோவை.

பதில்: செய்யாதீர்கள். ஆடிட்டர் சொல்வதே சரி.

உற்பத்தித் துறையில் அந்நிய முதலீடு 100% வரை தானாகவே அனுமதிக்கப்படுகிறது. ஆனால் 2020 ஏப்ரலில் வந்த பிரஸ் நோட் 3 என்ற மத்திய அரசு அறிவிப்பு, சீனா உள்பட நம்மோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. கொரோனாவில் பங்கு விலைகள் சரிந்திருந்தபோது, மலிவாகக் கம்பெனிகளை வாங்கிப்போடுவதைத் தடுக்க வந்த விதி அது. கம்பெனி எங்கே பதிவானது என்பதோடு விஷயம் முடிவதில்லை. உண்மையான பயனாளி யார் என்றும் பார்ப்பார்கள். நடைமுறையில் ஹாங்காங்கும் சீனக் கணக்கில்தான் வரும். இந்த விதியிலிருந்து விலக்கு தரும் வரம்புகள் மாறக்கூடியவை என்பதால், பங்கு கைமாறும் நாளில் அமலில் உள்ள விதியைப் பாருங்கள்.

மீறினால் ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். முன்பணம், பேங்க் கையெழுத்து அதிகாரம், டைரக்டர் பதவி எதுவும் இப்போது வேண்டாம்.

கம்பெனிகள் கைமாறுவது சந்தைப் போட்டியைப் பாதிக்குமா என்று பார்க்கும் காம்படிஷன் கமிஷன் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் சொத்து 450 கோடி ரூபாயைத் தாண்டாமல், பேரமும் 2,000 கோடிக்குள் இருந்தால் அங்கே போக வேண்டியதில்லை.

நான் கவலைப்படுவது ஒப்பந்தத்தைப் பற்றித்தான். அனுமதி வராவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று அதில் எழுதியிருக்கிறதா? அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீலை வாங்க ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் 2023 டிசம்பரில் பேசி முடித்தது. 2025 ஜனவரியில் பைடன் தடுத்தார். அதே ஆண்டு ஜூனில் டிரம்ப், அரசுக்கு வீட்டோ தரும் 'தங்கப் பங்கு' நிபந்தனையோடு அனுமதித்தார். ஆட்சி மாறியதும் முடிவும் மாறியது. ஆனால் அனுமதி கிடைக்காமல் பேரம் முறிந்தால் யு.எஸ். ஸ்டீலுக்கு நிப்பான் 56.5 கோடி டாலர் தர வேண்டும் என்ற ஷரத்து முதலிலேயே இருந்தது. உங்கள் அளவுக்கு ஏற்ப அப்படி ஒரு ஷரத்தைக் கேளுங்கள். அனுமதியை முன்நிபந்தனையாக்கி, இந்தத் தேதிக்குள் வராவிட்டால் இருவரும் விலகலாம் என்று துணை ஒப்பந்தம் போடுங்கள். அந்தத் தேதிக்குள் வேறு ஆளிடம் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், அதற்கும் கால வரம்பு வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் மட்டும் கட்டுண்டு காத்திருப்பீர்கள்.

கடைசி முதலீட்டாளர் வரை யார் யார் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அவர் தந்த உறுதிமொழியோடு அந்தப் பதில் முரண்பட்டால், அதையே காரணமாக வைத்து விலக உங்களுக்கு வழி இருக்கலாம். ஒப்பந்தத்தின் முழு நகலையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்.